தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

எனக்கு இது ஏழாம் மாதம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு பெண் வந்து பேசினார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் 80 நோய்களுக்கு மருந்தாகுமாம், இப்போது விட்டால் பிறகு கிடைக்காதாம், தவணையில் கட்டலாமாம். என் மாமியார், "நகை போடுறதுக்குப் பதிலா இதைச் செஞ்சிடலாம்" என்கிறார். செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் குடும்பத்தில் யாருக்கும் ரத்தம் சார்ந்த பரம்பரை நோய் இல்லையென்றால், வேண்டாம்.

தொப்புள்கொடியில் இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். எலும்பு மஜ்ஜையில் இருப்பவையும் இதே வகைதான். 1988இல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மான் குழுவினர் ஃபான்கோனி ரத்தசோகை வந்த ஒரு சிறுவனுக்கு இந்தச் செல்களை ஏற்றினார்கள். உலகில் அதுதான் முதல் முறை. ஏற்றியது அவனுடைய ரத்தத்தை அல்ல, அவன் தங்கையுடையதை. உங்களிடம் காட்டிய 80 நோய்ப் பட்டியலிலும் பெரும்பாலானவற்றுக்கு இன்னொருவருடைய செல்கள்தான் தேவை. தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயோடு பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணு இருக்கும். சிறு வயதில் வரும் ரத்தப் புற்றுநோய்களில் பலவற்றுக்குப் பிறக்கும்போதே வித்து விழுந்திருக்கும். அதையே உறையவைத்துத் திரும்ப ஏற்றி என்ன பயன்?

தன் சொந்த உபயோகத்துக்காக இந்த ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையும் அதையேதான் சொன்னது. 20 வயதுக்குள் ஒருவருக்குத் தன் ரத்தமே தேவைப்படும் வாய்ப்பு 2,500இல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரை என்பதுதான் மதிப்பீடு.

அளவையும் பாருங்கள். வழக்கமாகச் சேகரிக்க முடிவது 50 முதல் 100 மி.லி. ஒரு மில்லியில் ஏறத்தாழ 1 கோடி உட்கரு உள்ள செல்கள் இருக்கும். நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது இரண்டரை, 3 கோடி செல்கள் வேண்டும். 80 மி.லி. கிடைத்தால் 80 கோடி. கிலோவுக்கு 3 கோடி என்று வைத்தால், அது 27 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத்தான் காணும். 60 கிலோ ஆளுக்கு 180 கோடி வேண்டும். "ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு" என்ற விளம்பரத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிறந்த உடனே குழந்தையின் ரத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இன்னும் நஞ்சிலும் (பிளசென்டா) கொடியிலும்தான் இருக்கிறது. கொடியை ஒரு நிமிடம் விட்டுக் கட்டினால் ஏறத்தாழ 80 மி.லி. ரத்தம் குழந்தைக்குள் போய்ச் சேரும், மூன்று நிமிடத்தில் 100 மி.லி. வரை. முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்து அதில் இருக்கிறது. அதனால்தான் ஒரு நிமிடத்துக்கு முன்பு கொடியைக் கட்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 5ஆவது சுற்றுப்படி, 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள நம் நாட்டுக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இப்படிப்பட்ட நாட்டில் ரத்தம் சேகரிக்கும் பை நிறைய வேண்டும் என்பதற்காகக் கொடியை அவசரமாகக் கட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. "கொடியை ஒரு நிமிஷமாவது விட்டுக் கட்டுங்க" என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். மூச்சுவிடாமல் பிறக்கும் குழந்தைக்கு உடனே கட்டவேண்டி வரலாம். அந்த முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள்.

என் மூத்த பையனுக்கு 4 வயது, தலசீமியா மேஜர். மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். இப்போது மறுபடி கர்ப்பமாக இருக்கிறேன். இந்தக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம் அவனுக்கு உதவுமா?
– வாசகி, தர்மபுரி

உதவலாம். கட்டாயம் சேமியுங்கள். ஐசிஎம்ஆர் குடும்பச் சேமிப்பைப் பரிந்துரைப்பது இப்படிப்பட்ட சூழ்நிலையில்தான்.

முதல் வேலை, 10 முதல் 12 வாரத்துக்குள் நஞ்சிலிருந்து துளித் திசு எடுத்து, வயிற்றில் உள்ள குழந்தைக்குத் தலசீமியா மேஜர் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பெற்றோர் இருவரின் மரபணுப் பழுதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாள் தாண்டியிருந்தால் பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குழந்தைக்கு நோய் இல்லாமல் இருக்க நான்கில் மூன்று வாய்ப்பு. எச்எல்ஏ, அதாவது தானம் தருபவருக்கும் பெறுபவருக்கும் ஒத்துப்போக வேண்டிய செல் அடையாளங்கள், முழுமையாகப் பொருந்த நான்கில் ஒன்று. இரண்டும் கூடிவர 16இல் 3. தலசீமியா மைனர், அதாவது நோயைச் சுமப்பவர் மட்டும் என்றால் தானம் தருவதற்குத் தடையில்லை.

பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே உரிமம் பெற்ற வங்கியில் பதிந்து, சேகரிப்புப் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ அறையில் நடப்பது இதுதான். குழந்தை வெளியே வந்து கொடியைக் கட்டி வெட்டிய பிறகு, நஞ்சுப் பக்கம் உள்ள கொடியை அயோடின் கரைசலால் நன்றாகத் துடைத்து, சிரையில் தடித்த ஊசியை ஏற்றுவார்கள். பையைத் தாழப் பிடித்தால் ரத்தம் தானாக இறங்கும். பையில் உறையாமல் தடுக்கும் திரவம் ஏற்கெனவே இருக்கும். ரத்தம் இறங்க இறங்கப் பையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டாமல் விட்டால் கட்டி கட்டியாக உறைந்து அத்தனையும் வீண். அரைகுறையாகத் துடைத்தால் கிருமி புகும். பையை ஐஸில் வைக்கக் கூடாது, அறை வெப்பத்திலேயே அனுப்ப வேண்டும், 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பதப்படுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். சனி இரவு பிரசவமானால் யார் வந்து எடுத்துப்போவார்கள் என்பதை முன்பே கேட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தாமதத்தில் கெடும் பைகள் உண்டு.

கொடியை எப்போது கட்டுவது என்பதில் உங்களுக்கு மட்டும் கணக்கு மாறும். அண்ணனின் உயிருக்காக என்பதால் சற்று முன்னதாகக் கட்ட நியாயம் இருக்கிறது. மகப்பேறு மருத்துவர், ரத்தநோய் மருத்துவர் இருவரையும் வைத்து முன்கூட்டியே முடிவெடுங்கள். செல் எண்ணிக்கை குறைந்தாலும் மனம் தளர வேண்டாம். எச்எல்ஏ பொருந்தினால், குழந்தை ஓரளவு வளர்ந்த பிறகு அதனிடமிருந்து கொஞ்சம் எலும்பு மஜ்ஜை எடுத்து இந்த ரத்தத்தோடு சேர்த்து ஏற்றலாம். செலவுக்கு, கோல் இந்தியா நிதியில் நடக்கும் 'தலசீமியா பால் சேவா யோஜனா'வில் தகுதியுள்ளவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று வருடம் முன்பே பணம் கட்டிச் சேமித்துவிட்டோம். ஏமாந்துவிட்டோமா? இப்போது என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

கட்டியதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். சான்றிதழோடு வந்த அறிக்கையை எடுங்கள். பிறந்த குழந்தையின் பெயரும் வாழ்த்தும் உள்ள தாளை அல்ல, ஆய்வக அறிக்கையை. அதில் மொத்த உட்கரு செல் எண்ணிக்கை, சிடி34 (ஸ்டெம் செல்களின் அடையாளம்) எண்ணிக்கை, உயிர்ப்பு சதவீதம், கிருமி வளர்ப்புச் சோதனை முடிவு, தாயின் ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ் சோதனை முடிவுகள் இருக்க வேண்டும். கிருமி இருந்தது என்றோ செல்கள் சொற்பம் என்றோ தெரிந்தால் சந்தாவை மேற்கொண்டு கட்டுவதில் பொருளில்லை.

செல்களை டிஎம்எஸ்ஓ என்ற காப்புத் திரவத்தோடு, நிமிடத்துக்கு 1 டிகிரி என்ற கணக்கில் மெல்லக் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள். தொட்டியில் நைட்ரஜன் குறையாமல் நிரப்பிக்கொண்டே இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு தனியார் வங்கியில் தொட்டியின் குளிர் சரியாகப் பராமரிக்கப்படாமல் சுமார் 2,200 வாடிக்கையாளர்களின் சேமிப்பு சேதமானது 2023 நவம்பரில் தெரியவந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் சேதத்துக்கு என்ன ஈடு, நிறுவனம் மூடினால் பைகள் எங்கே போகும் என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள். 2022 ஜூலையில் இந்தச் சேமிப்புக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கும் நீங்கிவிட்டது. அவர்கள் சொல்லும் தொகை வரி சேர்த்ததா என்று கேளுங்கள்.

6 வயது மகனுக்கு ஆட்டிசம். ஸ்டெம் செல் ஊசி நான்கு தவணை போட்டால் பேச்சு வரும் என்கிறார்கள். கடன் வாங்கவா?
– வாசகர், மதுரை

வாங்காதீர்கள். ஆட்டிசத்துக்கு இது பயன்படும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. ஆய்வு என்ற பெயரில் செய்வதானால், அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், உங்களிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆய்வில்லை. அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சியும் அன்றாடச் செயல்களைப் பழக்கும் பயிற்சியும் (ஆக்குபேஷனல் தெரபி) பல மாதம் தடையில்லாமல் நடக்கும். பிள்ளைக்கு இப்போது அதுதான் வேண்டும்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் கருவை அழிக்கிறார்கள் என்கிறார்களே, தொப்புள்கொடி ரத்தத்துக்கும் அந்தப் பழி உண்டா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

இல்லை. வெட்டிய பின் குப்பைக்குப் போகிற கொடியிலிருந்து எடுப்பதால் யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. விவாதம் கருநிலை ஸ்டெம் செல்லைப் பற்றியது. 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் அதை மனிதக் கருவிலிருந்து முதன்முதலில் வளர்த்தெடுத்தார். கருத்தரித்து ஐந்தாறு நாளான, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் கருக்கோளத்தின் உள்செல்களைப் பிரித்தால் அது மேற்கொண்டு வளராது. அதை உயிராகப் பார்ப்பவர்களின் மனவேதனையை நான் மதிக்கிறேன். குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சி, எப்படியும் கழித்துவிடப்போகும் கருவை, பெற்றோர் முழுதாகப் புரிந்து சம்மதித்தால் ஆய்வுக்குத் தரலாம் என்பதே என் நிலை. நம் நாட்டு வழிகாட்டுதலும் கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்க அனுமதிப்பதில்லை.

சம்மதம் என்பது வெறும் கையெழுத்தல்ல என்பதற்குத் தென்கொரியக் கருநிலை ஸ்டெம் செல் ஆய்வாளர் ஹ்வாங் வூ சுக்கின் விவகாரம் சாட்சி. தன்னிடம் வேலை பார்த்த இளம் பெண் ஆய்வாளர்களின் கருமுட்டைகளையே அவர் ஆய்வுக்குப் பயன்படுத்தியிருந்தார். முடிவுகளும் பொய்யென்று தெரிந்து, 2006 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழ் தான் வெளியிட்டிருந்த அவருடைய கட்டுரைகளை விலக்கிக்கொண்டது. அதே 2006இல் ஜப்பானில் ஷின்யா யமனாகா, எலியின் சாதாரண செல்லில் நான்கு மரபணுக்களைச் சேர்த்து, கருவே இல்லாமல் அதைக் கருநிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார்.

சேமிக்காமல், யாருக்காவது தானம் தர முடியுமா?
– வாசகி, வேலூர்

பொது வங்கி வந்து சேகரிக்கும் மருத்துவமனையில் பிரசவம் நடந்தால்தான் முடியும். நம் பக்கம் அது அரிது. அதைவிட நேரான வழி உண்டு. சென்னையில் 2009இல் தொடங்கிய, ரத்த ஸ்டெம் செல் தானம் தருவோருக்கான 'தாத்ரி' பதிவேட்டில் 18 வயது நிரம்பியவர்கள் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். யாருக்காவது பொருந்தினால் ஐந்து நாள் ஊசி போட்டு, கையிலிருந்து ரத்தம் எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு மீதியைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். மூன்று, நான்கு மணி நேர வேலை. நீங்கள் பிரசவம் ஆகி, பால்கொடுப்பதையும் முடித்த பிறகு தானம் தரலாம். உங்கள் கணவர் இன்றைக்கே பதிந்துகொள்ளலாம்.