ஒப்பந்தத்தின் வாசகம் எங்கே கிடைக்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கச்சத்தீவு ஒப்பந்தத்தில் நம் மீனவர்களுக்கு மீன்பிடி உரிமை இருப்பதாக ஒரு கட்டுரையிலும், இல்லை என்று இன்னொன்றிலும் படித்தேன். இரண்டுமே ஒப்பந்தத்தைத்தான் மேற்கோள் காட்டுகின்றன. மூல வாசகத்தை இணையத்தில் எப்படித் தேடுவது?
– சட்டக் கல்லூரி மாணவி, இராமநாதபுரம்

பதில்: அந்தக் கட்டுரைகளை எழுதிய இருவரும் வெவ்வேறு ஆவணங்களைப் படித்திருக்கக்கூடும். நாம் பேச்சுவழக்கில் கச்சத்தீவு ஒப்பந்தம் என்று சொல்வது ஒரே தாள் அன்று. 1974 ஜூன் மாதம் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று. மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லைகளை வரையறுத்து 1976 மார்ச் 23 அன்று செய்துகொண்ட ஒப்பந்தம் இன்னொன்று. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் மூன்றாவது.

முதலில் ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பின் இணையதளத்துக்குச் செல்லுங்கள். உறுப்பு நாடுகள் செய்துகொள்ளும் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஐ.நா. செயலகத்தில் பதிவு செய்ய வேண்டும், செயலகம் அதை வெளியிட வேண்டும் என்று ஐ.நா. சாசனத்தின் 102ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை அதில் கையெழுத்திட்ட நாடு ஐ.நா.வின் எந்த அமைப்பின் முன்னும் துணைக்கு அழைக்க முடியாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நமக்கு இவ்வளவு பெரிய தொகுப்பு கட்டணமின்றிக் கிடைப்பதற்கு அந்தப் பிரிவே காரணம்.

தேடுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். தலைப்புக்கான பெட்டியில் கச்சத்தீவு என்று ஆங்கிலத்தில் எழுதினால் 1974 ஒப்பந்தம் வராது, ஏனென்றால் அதன் தலைப்பில் அந்தத் தீவின் பெயரே இல்லை. 'வரலாற்று நீர்ப்பரப்பில் இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லையும் தொடர்புடைய விவகாரங்களும்' என்பதுதான் தலைப்பின் பொருள். ஒப்பந்தத்தின் உள்ளே பெயர் வரும் இடத்திலும் எழுத்துக்கூட்டல் இன்றைய ஆங்கில நாளிதழ்களில் இருப்பதுபோல் இல்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு, ஒப்பந்த நாடுகள் என்ற இடத்தில் இந்தியாவையும் இலங்கையையும் தேர்ந்தெடுத்து, ஆண்டை 1974 முதல் 1976 வரை என்று சுருக்கித் தேடுங்கள். கிடைக்கும் பதிவில் பதிவு எண், கையெழுத்தான இடமும் நாளும், நடைமுறைக்கு வந்த நாள், அச்சுத் தொகுதியின் எண் எல்லாம் இருக்கும். அச்சுத் தொகுதியின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

கடைசிப் பக்கம் வரை என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்று வரலாம், அதற்கு இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. மீன் பிடிப்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் நீர்ப்பரப்பில் வழிவழியாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. உரிமை உண்டு என்பவர்கள் இந்தப் பிரிவையே பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் மற்ற நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி அதன் நீர்ப்பரப்பில் மீன் பிடிக்கக் கூடாது என்ற வாசகமோ 1976 கடிதங்களில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தின் பிரிவுகளை மட்டும் நகலெடுத்துப் போடும் தளங்களில் அது உங்கள் கண்ணில் படாது. அந்தக் கடிதங்கள் 6ஆம் பிரிவை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகின்றன என்பது வாதத்துக்குரியது, ஆனால் மூன்றையும் படிக்காமல் அந்த வாதத்தில் யாரும் இறங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கடலுக்குப் போகும் குடும்பங்களின் பிழைப்பு இந்த வரிகளில் தொங்குகிறது.

இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலும் ஒப்பந்தங்களுக்கென ஒரு தரவுத்தளம் உண்டு. அண்மைக்கால இருதரப்பு ஒப்பந்தங்களுக்கு அது கைகொடுக்கும். கட்டுரையில் குறிப்பிடும்போது மட்டும் ஐ.நா. தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் கொடுங்கள். ஒப்பந்தங்களுக்குப் பொருள் கொள்ளும் விதிகளைக் கூறும் 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையை 'தொகுதி 1155, பக்கம் 331' என்று குறிப்பிட்டாலே உலகின் எந்த நூலகத்திலும் எடுத்துவிடலாம்.

கேள்வி: சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டிருக்கிறது. காவல் நிலைய வன்முறை குறித்த ரிட் மனுவில் அதை ஆதாரமாகக் காட்டலாமா?
– இளம் வழக்கறிஞர், மதுரை

பதில்: மனுவைத் தட்டச்சு செய்யும் முன், மேலே சொன்ன ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பின் தளத்தில், ஐ.நா. செயலாளர் நாயகத்திடம் ஒப்படைக்கப்பட்ட பலதரப்பு ஒப்பந்தங்களின் நிலையைக் காட்டும் பகுதியைத் திறந்து, 4ஆம் அத்தியாயத்தில் 9ஆம் எண்ணைப் பாருங்கள். நாடுகளின் பெயருக்கு எதிரே இரண்டு பத்திகள் இருக்கும்; ஒன்று கையெழுத்திட்ட நாள், மற்றது பின்னேற்பு செய்த நாள், அதாவது ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக நாடு முறைப்படி உறுதி செய்த நாள். இந்தியாவுக்கு எதிரே 1997 அக்டோபர் 14 என்ற கையெழுத்து நாள் மட்டும் இருக்கும், அடுத்த கட்டம் வெறுமையாக இருக்கும். இலங்கைக்கு எதிரே 1994 ஜனவரி 3 என்ற நாளும், அதன் அருகே ஒரு சிறிய ஆங்கில 'ஏ' எழுத்தும் இருக்கும். முன்னதாகக் கையெழுத்திடாமல் நேரடியாகச் சேர்ந்த நாடு என்பதற்கு அது அடையாளம். பின்னேற்பு இல்லாத உடன்படிக்கையை இந்தியாவின் கடப்பாடு என்று எழுதினால் அரசுத் தரப்பு ஒரே வாக்கியத்தில் உங்கள் வாதத்தை உடைத்துவிடும்.

அதைவிட வலுவான ஆவணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979 ஏப்ரல் 10 அன்று சேர்ந்தது. அதன் 7ஆம் பிரிவு சித்திரவதையைத் தடை செய்கிறது. அந்த உடன்படிக்கைக்கான பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இந்தியாவின் அறிவிப்புகளையும், அதாவது ஒரு பிரிவைத் தான் எப்படிப் பொருள் கொள்கிறது என்று நாடு சொல்லும் குறிப்புகளையும், படியுங்கள்: கைது பற்றிய 9ஆம் பிரிவுக்கு இந்தியா அறிவிப்பு வைத்திருக்கிறது, 7ஆம் பிரிவுக்கு வைக்கவில்லை. பன்னாட்டு ஒப்பந்தம் நம் நாட்டில் தானாகவே சட்டமாகிவிடாது, அரசமைப்பின் 253ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் சட்டம் இல்லாத இடத்தில் அடிப்படை உரிமைகளுக்குப் பொருள் கொள்ள உடன்படிக்கைகளைத் துணைக்கொள்ளலாம் என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. உயிர் வாழும் உரிமையையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவோடு இணைத்து அந்த வழியில் வாதிடுங்கள்.

கேள்வி: தமிழ் மொழிபெயர்ப்பை மேற்கோள் காட்டலாமா?
– ஆசிரியர், திருச்சி

பதில்: வகுப்பில் விளக்குவதற்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சட்ட வாதத்துக்கு, ஒப்பந்தமே எந்த மொழிகளின் வாசகம் அதிகாரபூர்வமானது என்று சொல்கிறதோ அந்த வாசகம்தான் செல்லும். பெரும்பாலும் அது கடைசிப் பிரிவில் இருக்கும்.