கழுத்தைப் பார்த்து முகத்துக்குப் பூசுங்கள்

இம்மாதம் மும்பை வாசகியரிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, முக நிறத்தைச் சீராகக் காட்டப் பூசும் ஃபவுண்டேஷன் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, நான்கு கடிதங்களுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் குர்லா வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பாந்த்ரா குர்லா வளாகத்திலுள்ள அலுவலகத்துக்குச் செல்கிறேன். வீட்டில் போட்ட ஃபவுண்டேஷன் குர்லாவில் இறங்கும்போதே வழிந்துவிடுகிறது. ஏ.சி.யில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கன்னத்தில் திட்டுத்திட்டாக வெடிக்கிறது; மதியத்துக்குள் முகமே சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. என்னுடையது எண்ணெய்ச் சருமமா, வறண்ட சருமமா?
– வாசகி, செம்பூர்

பதில்: சகோதரி, அதை உங்கள் முகமே சொல்லும். விடுமுறை நாளொன்றில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு டிஷ்யூத் தாளை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று தனித்தனியாக ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கும் எண்ணெய் ஊறியிருந்தால் எண்ணெய்ச் சருமம். தாள் உலர்ந்தே இருந்து, சிரிக்கும்போது கன்னம் இழுத்தால் வறண்ட சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய் தெரிந்தால் இரண்டும் கலந்தது. உங்களுடையது கலப்புச் சருமமாகவும், அதிலும் ஈரம் குறைந்ததாகவும் இருக்கலாம் என்று கருதுகிறேன். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய்ப் பிசுக்குக்கு அஞ்சி நாளொன்றுக்கு நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்களிடம், வழிகிற நெற்றியையும் வெடிக்கிற கன்னத்தையும் ஒரே முகத்தில் நான் அடிக்கடி பார்க்கிறேன். இரு வேளை கழுவினால் போதும்.

உங்களுக்கு ஜெல் போன்ற இலேசான மாய்ஸ்சரைசர், அதன்மேல் சன்ஸ்கிரீன், அதன்மேல் மிக மெல்லிய ஃபவுண்டேஷன் என்ற வரிசை பொருந்தும். ஃபவுண்டேஷன் புட்டியில் எஸ்.பி.எஃப். என்று, வெயிலிலிருந்து காக்கும் அளவைச் சொல்லும் எண் அச்சிட்டிருப்பதை நம்பிச் சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். அந்த எண், தோலில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைத்தது; அவ்வளவு ஃபவுண்டேஷனை எவரும் முகத்தில் அப்பிக்கொள்வதில்லை. ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமர் போடுவீர்களானால், அதுவும் ஃபவுண்டேஷனும் ஒரே இனமாக இருப்பது நல்லது. உட்பொருள் பட்டியலின் முதல் சில பெயர்களில் ‘கோன்’ என்றோ ‘சிலாக்சேன்’ என்றோ முடிவன இருந்தால் அது சிலிகோன் சார்ந்தது. நீர் சார்ந்த ஒன்றின்மேல் சிலிகோன் சார்ந்த இன்னொன்றைத் தேய்க்கும்போது, ரப்பரால் அழித்த தாளில் துகள் உருளுவதுபோலப் பல சமயம் முகத்திலும் உருளும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

முகம் முழுவதற்கும் ஒரு கொண்டைக்கடலை அளவு ஃபவுண்டேஷன் போதும். மூக்கின் இருபுறமும் தொடங்கி வெளிநோக்கிப் பரப்பி, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சினால் ஒற்றி ஒற்றி அமர்த்துங்கள். இழுத்துத் தேய்த்தால் கோடு விழும். பவுடர் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டுமே. வெடிக்கிற கன்னத்துக்கு வேண்டாம்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஷேடுதான். ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருபவை மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும் ஆகும். மாநிறத்தவர் தமக்கு வெளிறிய ஷேடை வாங்கினால், அந்த வெள்ளை தோலின் பழுப்போடு சேர்ந்து சாம்பலாகத் தெரியும். கடையில் மணிக்கட்டில் தடவிப் பார்க்காதீர்கள். மூன்று ஷேடுகளைக் கன்னத்தின் கீழிலிருந்து கழுத்துவரை மூன்று கோடுகளாக இழுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் வாங்குவதாக இருந்தால், அருகிலேயே ஒரு ஃபில்டர் காபி குடித்து முடிக்கிற பதினைந்து நிமிடம் சரியாக இருக்கும். உலர்ந்தும் தோலின் எண்ணெயோடு கலந்தும் பல ஃபவுண்டேஷன்கள் சற்றுக் கருக்கும். அதன்பின் பகல் வெளிச்சத்தில் எந்தக் கோடு கண்ணுக்கே தெரியவில்லையோ அதுதான் உங்களுடையது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்வேன். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் பூசிக்கொண்டு ரயிலேறுங்கள். அலுவலகத்தில் வியர்வை அடங்கியபின், முகத்தை ஒற்றிவிட்டு ஃபவுண்டேஷன் போடுங்கள்; ஏழு நிமிட வேலைதான். கூட்டமான பெண்கள் பெட்டியில் பிறர் தோளில் ஒட்டவா அதைக் காசு கொடுத்து வாங்கினோம்?

கேள்வி: வரும் தை மாதத்தில் என் மகளுக்குத் திருமணம், முகூர்த்தம் காலை ஆறு முதல் ஏழரை வரை. மாநிறமான அவளுக்கு இரண்டு ஷேடு வெளுப்பாகப் போட்டால்தான் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று அழகு நிலையத்தில் வற்புறுத்துகிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?
– மணமகளின் தாயார், மாட்டுங்கா

பதில்: சரியன்று, அம்மா. இந்தப் பழக்கத்தின் சாயல் மேடை ஒப்பனையில் இருக்கிறது. வண்ணத் திரைப்படங்களின் கடும் விளக்கொளிக்காக 1930களின் இறுதியில் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் உருவாக்கிய பேன்கேக் என்னும் கனமான ஒப்பனைப் பூச்சு, நாளடைவில் நம் நாட்டியக் கலைஞர்களின் ஒப்பனைப் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது. ஷண்முகானந்தா அரங்கில் கடைசி வரிசைக்கும் முகபாவம் எட்ட வேண்டுமென்றால் கனமான பூச்சு தேவைதான். ஹோமத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ காமிரா இரண்டடி தூரத்தில் இருக்கிறது. பாணிக்கிரகணப் படத்தை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளை பற்றியிருக்கிற கை ஒரு நிறம், முகம் வேறொரு நிறம் என்றால், அந்தப் படத்தைத்தான் நீங்கள் ஆயுள் முழுவதும் பார்க்கப் போகிறீர்கள். ஷேடு, கழுத்தின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். மாநிறத்துக்குப் பொதுவாக மஞ்சளோ பொன்னோ இழையோடுகிற ஷேடுகளே இயல்பாக அமையும். தோலில் வெள்ளையாகப் படிகிற பவுடரையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் பட்டால் அது தனியாகப் பளிச்சென்று வெளுத்துத் தெரியும்.

ஒத்திகையை இரண்டு வாரம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நலங்குக்கு மறுநாள் ஷேடு தேர்ந்தெடுத்தால் தோலில் தங்கிய மஞ்சள் உங்களை ஏமாற்றிவிடும். அவ்வாறு ஒரு பெண்ணுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு, முகூர்த்தத்தன்று விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு ஷேடுகளைக் கலந்து நானே சரிக்கட்டியிருக்கிறேன். திருமணத்தன்று எண்ணெய் ஸ்நானம் உண்டென்றால், முகத்திலும் நெற்றியோரத்திலும் எண்ணெய் துளியும் மிஞ்சாமல் கழுவியபின்பே ஒப்பனை தொடங்க வேண்டும். இல்லையேல் எந்த விலையுயர்ந்த ஃபவுண்டேஷனும் நழுவும். ஒரே கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் ஹோமச் சூட்டைத் தாங்கும். வியர்த்தால் டிஷ்யூவால் ஒற்றினால் போதும். ஈரத்தின்மேல் பவுடர் போட்டால் மாவுபோலத் திரளும். அந்த டிஷ்யூவை மடிசாருக்குள் செருக முடியாது. அத்தையோ சித்தியோ ஒருவர் பையில் வைத்திருக்கட்டும்.

கேள்வி: எனக்குப் பருக்கள் அதிகம். அக்காவின் ஃபவுண்டேஷனைப் போட்டுக்கொள்ளலாமா? இரவில் தேங்காய் எண்ணெயால் துடைக்கிறேன்.
– கல்லூரி மாணவி, தாராவி

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கையே. டப்பாவில் திறந்த மூடியின் படமும் ‘12எம்’ என்ற எழுத்தும் இருக்கும். திறந்த பின் பன்னிரண்டு மாதம்வரை பயன்படுத்தலாம் என்பது பொருள். அக்கா அதை எப்போது திறந்தார் என்று அவருக்கே நினைவிராது. விரல் விட்டு எடுக்கும் டப்பாவையும் ஸ்பாஞ்சையும் பகிர்ந்துகொள்வது பருவுள்ள முகத்துக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கக் கூடியது. ஒப்பனையைக் கலைக்கும் திரவமான மைசெல்லார் நீரால் துடைத்துவிட்டு ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். புதிதாக எது வாங்கினாலும் காதின் பின்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். முகம் முழுவதும் பூசாமல், பருவின் தழும்பில் மட்டும், அதை மறைக்கும் கன்சீலர் வைத்தால் உங்கள் வயதுக்கு அதுவே போதும்.

கேள்வி: வயது 47. இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருக்கிறது. எவ்வளவு பூசினாலும் அடியில் கருநீலமாகத் தெரிகிறது.
– இல்லத்தரசி, முலுண்டு

பதில்: பூச்சைக் கூட்டிக்கொண்டே போவதால்தான் தோல்வி. மங்கு இருக்கும் இடத்தில் மட்டும், நிறத்தைச் சரிக்கட்டும், ஆரஞ்சு கலந்த கரெக்டரை ஒரு மிளகளவு மோதிர விரலால் தட்டித் தட்டி வைத்து, அதன்மேல் உங்கள் ஷேடு ஃபவுண்டேஷனை மெல்லியதாக ஒற்றுங்கள்; ஆரஞ்சு, நீலச் சாயலை அடக்கிவிடும். மங்கைக் கூட்டுவது புற ஊதாக் கதிர் மட்டுமன்று, கண்ணுக்குப் புலப்படும் ஒளியும்கூட. நிறமற்ற சன்ஸ்கிரீன் அந்த ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆகவே இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனை வாங்குங்கள். மொட்டைமாடியில் வடகம் காயவைக்கப் போகும் நாளிலும் அதைப் பூசிக்கொள்ளுங்கள். பலருக்கு அதுவே ஃபவுண்டேஷனாகவும் அமைந்துவிடுகிறது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் வெளுப்புக் கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. அவற்றைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நிறுத்தியவுடன் சிவந்து எரியும். அப்படி ஏதேனும் இப்போது பூசிவருகிறீர்கள் என்றால், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.