யுகுலேலேயை ஸ்கூட்டரில் கொண்டுபோகிறவர்களுக்கு

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறேன். கன்சர்ட் அளவு யுகுலேலே (நான்கு கம்பிச் சின்ன கிட்டார்) வாசிக்கிறேன். மேல்பலகை சாலிட் மரம் (ஒட்டுப்பலகை இல்லை), ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்ப பேட்டரி போட்ட பிக்கப் உண்டு. டிசம்பரில் கீத பவனி (கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப்போவது), மற்ற மாதங்களில் நண்பர்கள் வீட்டு விசேஷம், எப்போதாவது மண்டப மேடை. பெரும்பாலும் ஸ்கூட்டர், சில நேரம் பஸ். பையின் முன்பாக்கெட்டிலேயே கேப்போ (சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வி), கேபிள், போன் சார்ஜர் எல்லாம் வைக்கிறேன். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மேல்பலகையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. போன முறை மேடையில் சத்தம் கரகரத்து, பாதியில் நின்றேவிட்டது. எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும், எப்படிக் கொண்டுபோக வேண்டும்? ஹார்ட் கேஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: பள்ளத்துக்குக் காரணம் அந்த முன்பாக்கெட்தான். மெத்தைப் பையில் முன்பாக்கெட் எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நேர் கீழே பிரிட்ஜும் மேல்பலகையும் இருக்கும். நடுவில் 5 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். பஸ்ஸில் யாராவது சாய்ந்தாலும், வீட்டில் பை முகம் குப்புறக் கிடந்தாலும், கேப்போவின் இரும்புக் கையும் ஜாக் முனையும் அந்த ஸ்பாஞ்சை நசுக்கிக்கொண்டு மரத்தில் அழுந்தும். ஸ்ப்ரூஸ், சீடர் போன்ற மேல்பலகை மரங்களில் நகம் அழுந்தினாலே தடம் விழும். பலகையின் கனமும் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான். இப்போதுள்ள பள்ளத்தோடு நிம்மதியாக வாசிக்கலாம். விரிசல் இல்லை என்பதை மட்டும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் வேலை, சாமான்களை இரண்டாகப் பிரிப்பது. யுகுலேலே பையில் யுகுலேலே மட்டும். முன்பாக்கெட்டில் பாட்டுத்தாள், மெல்லிய துடைக்கும் துணி தவிர எதுவும் வேண்டாம். மற்றதெல்லாம் ஜிப் வைத்த ஒரு சின்னப் பையில் போய், தோளில் குறுக்காகவோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ இருக்கட்டும். அளவுகோல் ஒன்றுதான்: வாத்தியத்தைக் கீழே வைக்காமல், ஒரே நடையில், ஒரே ஆள் கொண்டுபோய்ச் சேர்க்க முடிய வேண்டும். இரண்டாவது நடை தேவைப்பட்டால், முதல் நடையில் போன வாத்தியம் யார் கண்ணிலும் படாமல் ஏதோ நாற்காலியில் கிடக்கும். அடிபடுவதில் பெரும்பங்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இனி ஸ்கூட்டர். கன்சர்ட் யுகுலேலேயின் நீளம் சுமார் 23 அங்குலம். பையோடு சேர்த்தால் 65 சென்டிமீட்டரை ஒட்டி வரும். உட்கார்ந்திருக்கும்போது சீட்டிலிருந்து தோள் வரையுள்ள உயரம் பலருக்கு அதைவிடக் குறைவு. முதுகில் நேராக மாட்டினால் பையின் அடி சீட்டில் முட்டி, தலைப்பகுதி ஹெல்மெட்டுக்குப் பின்னால் ஏறி நிற்கும். வேகத்தடையில் ஒரு குலுக்கல் போதும், ஹெல்மெட் அந்தத் தலையைப் பின்னால் தள்ளும். அந்த நெம்பு முழுவதும் கழுத்து உடலோடு சேரும் மூட்டில் போய் விழும். எனவே பையை நேராக மாட்டாதீர்கள். ஒரே பட்டையால் குறுக்காகப் போட்டு, அடிப்பகுதி இடுப்பின் ஒரு பக்கமாகச் சீட்டைத் தாண்டி இறங்கும்படியும், கழுத்து மறு தோளுக்கு வெளியே சாயும்படியும் வையுங்கள். பட்டையை இறுக்கி, முன்னால் ஒரு கொக்கியோ நாடாவோ போட்டு அசையாமல் கட்டுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் அவர் மடியில் கொடுப்பதே நல்லது. முதுகுக்கும் அவருக்கும் நடுவில் பையை நசுக்க வேண்டாம்.

கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பிரேக் போட்டால் சரியும், மழைத்தண்ணீர் முதலில் தெறிப்பதும் அங்கேதான். சாமான் மாட்டும் கொக்கியில் தொங்கவிடுவது அதைவிட மோசம், வழியெல்லாம் முன்பலகையில் இடித்துக்கொண்டே வரும்.

வண்டி அதிர்வு இன்னொரு வேலையும் செய்கிறது. கம்பியை முறுக்கும் பெக்குகளைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளும், பட்டை மாட்டும் குமிழின் திருகும் மெல்ல மெல்லத் தளரும். மாதம் ஒருமுறை விரலால் அசைத்துப் பாருங்கள். பல்சக்கரம் இல்லாத பழைய மாதிரி பெக் என்றால், சுருதி வழுக்கும்போது அதன் முனையிலுள்ள திருகைக் கால் சுற்று இறுக்கினாலே நிற்கும். சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று பையில் இருப்பது இதற்காகத்தான்.

பஸ்ஸில் பையை மார்புப் பக்கம் மாட்டுங்கள், யுகுலேலேயின் முகம் உங்களைப் பார்த்து. மேல் ராக்கில் வைத்தால் அடுத்த நிறுத்தத்தில் யாருடைய பெட்டியாவது அதன்மேல் வந்து உட்காரும். ஆரப்பாளையத்தில் ஏறி தேனிப் பக்கமோ கொடைக்கானலுக்கோ போகிற நீண்ட பயணத்தில், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் இடம் இருக்கிறது என்று கொடுத்தாலும் வைக்காதீர்கள். அடியிலிருந்து ஏறும் சூடு மணிக்கணக்கில் ஒரே இடத்தைத் தாக்கும். விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக அனுமதிக்கும் நீளம் 55 சென்டிமீட்டர். உங்கள் வாத்தியமே 58 என்பதால், டிக்கெட் போடும்போதே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதுரையில் யுகுலேலேக்கு முதல் எதிரி அதுதான். இந்த வாத்தியம் உருவான ஹவாய்த் தீவுகளில் ஆண்டு முழுக்க மிதமான தட்பவெப்பம். 1879-இல் மதெய்ரா தீவிலிருந்து கப்பலேறிப் போன போர்த்துகீசியத் தச்சர்கள் அங்கே இதற்கு வடிவம் கொடுத்தபோது, சித்திரை வெயிலில் தமுக்கம் பக்கம் நிறுத்திய காரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மூடிய காருக்குள் அந்த நேரத்தில் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மரத்தை ஒட்டியிருக்கும் பசை அந்த வெப்பத்தை ஒட்டித்தான் இளகத் தொடங்குகிறது. நான்கு கம்பியும் சேர்ந்து 15 முதல் 20 கிலோ எடையளவுக்கு பிரிட்ஜை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பசை இளகினால் பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்கும். அங்கே ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் கம்பியைத் தளர்த்திவிட்டு, வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மேலே பசையை ஊற்றி நீங்களே ஒட்டினால், பிறகு அவரால் சுத்தமாகக் கழற்றி ஒட்ட முடியாது.

காரில் விட்டுப்போவதைத் தவிர வழியே இல்லை என்றால், டிக்கியில் வேண்டாம், டேஷ்போர்டில் வேண்டவே வேண்டாம். சீட்டுக்குக் கீழே நிழல் விழும் இடத்தில், வெளிர்நிறத் துண்டு போர்த்தி, நான்கு கம்பியின் சுருதியையும் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அளவு இறக்கி வையுங்கள். அதுவும் அரைமணி நேரத்துக்கு மட்டும். கடைக்குள் கூடவே எடுத்துப்போவதுதான் உண்மையான வழி. அரை கிலோ எடைக்கு இது பெரிய சிரமம் இல்லை.

கீழக்குயில்குடி சமணர் மலை, யானைமலை அடிவாரம் என்று சாயங்காலம் கூடிப் பாடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பாறை இருட்டிய பிறகும் வெளிவிட்டுக்கொண்டிருக்கும். பையைப் பாறைமேல் வைக்காமல் மரத்தடி மண்ணில், ஒரு ஜமுக்காள மடிப்பின்மேல் வையுங்கள்.

ஏசி மண்டபத்திலிருந்து புழுக்கத்துக்கும், மலையிலிருந்து சமவெளிக்கும் மாறும்போது பையை உடனே திறக்க வேண்டாம். குளிர்ந்த மரத்தில் ஈரம் கோக்கும். மூடிய பைக்குள் 20 நிமிடம் இருந்து வெளிக்காற்றின் சூட்டுக்கு வரட்டும். மேடையிலும் அப்படியே: வாசிக்கப் போகும் இடத்தில் கால்மணி நேரம் இருந்த பிறகு கூட்டும் சுருதிதான் நிற்கும். வாசலில் கூட்டினால் உள்ளே போய் மறுபடி கூட்ட வேண்டிவரும். சாலிட் பலகைக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. பங்குனி, சித்திரையில் மதுரை அதைவிட நன்றாகவே காயும். அப்போது ஃப்ரெட் முனைகள் பலகை விளிம்பைத் தாண்டிக் கையைக் கீறினால், மரம் வற்றிவிட்டது என்று அர்த்தம். பையில் ஈரப்பதம் தரும் பொட்டலம் ஒன்று போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதை எடுத்துவிட்டு சிலிக்கா ஜெல். சாதாரணப் பையின் ஜிப் வழியே மழை இறங்கும் என்பதால், கீத பவனிக் காலத்தில் பை முழுதும் மூடும் பிளாஸ்டிக் கவர் ஒன்று மடித்து வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் கவரைக் கழற்றி, நனைந்த பையை வாத்தியம் இல்லாமல் ஃபேன் கீழே விரித்துப் போடுங்கள்.

நண்பர் வீட்டுக்குப் போக கிளிப் டியூனரும் கேப்போவும் போதும். டியூனரை யுகுலேலேயின் தலையில் மாட்டியபடியே பைக்குள் வைக்காதீர்கள். பெக்கை அழுத்திச் சுருதியைக் கலைக்கும், டியூனரின் கழுத்தும் முறியும். கீத பவனிக்கு இவற்றோடு தோள்பட்டை அவசியம். நின்றும் நடந்தும் வாசிக்கையில் இடதுகை வாத்தியத்தைத் தாங்கும் வேலையையும் செய்தால் கார்டு (விரல் பிடிப்பு) பிசகும். பாட்டுத்தாள் பறக்காமல் இருக்க நான்கு துணிக் கிளிப். வீடு வீடாகப் போகையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நேரம்தான் ஆபத்தான நேரம். தரையில் படுக்கவைத்த வாத்தியத்தைக் குழந்தைகள் மிதிப்பார்கள். பைக்குள் போட்டு, சுவர் மூலையில், முகம் சுவரைப் பார்க்க நிறுத்துங்கள். மடக்கு ஸ்டாண்டை வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

மேடை விஷயம் வேறு. நீங்கள் சொல்கிற கரகரப்பு பெரும்பாலும் பேட்டரி தீர்வதன் அறிகுறி. உங்களுடையது போன்ற பிக்கப்புகளில் ஜாக் செருகியவுடன் பிரீஆம்ப் (உள்ளே ஒலியைப் பெருக்கும் சின்னச் சுற்று) ஓடத் தொடங்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். மத்தியானம் சவுண்ட் செக் முடித்து, கேபிளைக் கழற்றாமல் சாயங்காலம்வரை விட்டால் அத்தனை நேரமும் பேட்டரி செலவாகும். இறங்கியவுடன் கழற்றுங்கள், கழற்றும் முன் மிக்ஸரில் உங்கள் சேனலை மூடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று அடிக்கும். 9 வோல்ட் பேட்டரி என்றால் மல்டிமீட்டரில் 7.5-க்குக் கீழே காட்டும்போதே மாற்றிவிடுங்கள். சில மாடல்களில் டியூனரில் போடும் அதே சிஆர் 2032 வட்டப் பேட்டரி இரண்டு இருக்கும். எதுவானாலும் புதிது ஒன்று கைவசம் வேண்டும். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் ஒரே பக்கம் இருப்பதால், பையில் சாவியோ சில்லறையோ இரண்டையும் தொட்டால் ஷார்ட்டாகிச் சுடும். முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள்.

அடுத்தது இரைச்சல். மண்டபத்தில் மிக்ஸர் ஒரு மூலையில், மேடை இன்னொரு மூலையில், நடுவில் 15, 20 மீட்டர். யுகுலேலேயிலிருந்து வரும் சாதாரண ஜாக் கேபிளை அவ்வளவு தூரம் நீட்டினால், வழியிலுள்ள சீரியல் செட் விளக்கு, கரண்ட் ஒயர் எல்லாவற்றின் ஹம்மையும் அது இழுத்துக்கொண்டு வரும். உங்கள் கேபிள் 3 மீட்டர், மிஞ்சினால் 6 மீட்டர் இருக்கட்டும். அது உங்கள் காலடியில் உள்ள டிஐ பாக்ஸில் (வாத்தியத்தின் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) முடியட்டும். அங்கிருந்து மிக்ஸர்வரை மைக் செட்காரரின் மூன்று முனை மைக் கேபிள் போகட்டும். அந்த ஜோடி ஒயர் இரைச்சலைத் தானே கழித்துக்கொள்ளும். உங்கள் பிக்கப்பில் பிரீஆம்ப் இருப்பதால் மின்சாரம் தேவைப்படாத பேசிவ் டிஐ போதும். இதில் லாபமும் உண்டு: ஆக்டிவ் டிஐ பெரும்பாலும் மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் கேட்கும், சிறிய மிக்ஸர்களில் அது இல்லாமலோ அணைத்தோ இருக்கும். பேட்டரியே இல்லாத பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு விஷயம் தலைகீழ். அவர்களுக்கு 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டு மின்தடை கொண்ட ஆக்டிவ் டிஐ வேண்டும், இல்லாவிட்டால் அடித்தொனி போய்த் தகரச் சத்தம் வரும். அப்படியும் ஹம் கேட்டால் டிஐயிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். யாராவது பிளக்கின் எர்த் முனையைக் கழற்றலாம் என்றால் விடாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

எல்லாம் கைவிட்டால் மைக் இருக்கிறது. சாதாரணப் பாட்டு மைக்கைக் கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு நேரே, 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் கும்மென்று அடித்து, மேடையில் உங்களைப் பார்த்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரோடு சேர்ந்து ஊளையிடும்.

மேடைப் பையில் இன்னும் இரண்டு: ஒரு செட் கம்பி, ஒரு நகவெட்டி. நைலான், ஃப்ளோரோகார்பன் கம்பிகள் மாட்டி நாலைந்து நாளாவது இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கம்பி மாற்றுவதை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பையிலுள்ள அந்தச் செட், மேடையில் கம்பி அறுந்தால் மாட்ட மட்டுமே.

ஹார்ட் கேஸ் உங்களுக்கு இப்போது வேண்டாம். கனமானது, ஸ்கூட்டரில் குறுக்காக மாட்ட முடியாது, பஸ்ஸில் மடியில் நிற்காது. வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளோடு ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு ஏற்றது துணி போர்த்திய கெட்டி ஃபோம் கேஸ், அல்லது 15 முதல் 20 மில்லிமீட்டர் மெத்தை வைத்த பை. கடைக்கு யுகுலேலேயோடு போங்கள். உள்ளே வைத்து மூடி, மேலே உள்ளங்கையால் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் அழுத்துங்கள். பிரிட்ஜ் கைக்குத் தட்டுப்பட்டால் அந்தப் பை வேண்டாம். குலுக்கும்போது உள்ளே நகர்ந்தால் கழுத்துக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள், அப்படியும் ஆடினால் ஒரு அளவு சிறியதைக் கேளுங்கள்.