ஏத்தன்பழம் என்ன பாவம் செய்தது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருவட்டாறு பக்கம் வாழை போட்டிருக்கிறேன். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் குடும்ப வாட்ஸப்பில் ஒரு தகவல் வந்தது: கட்டிக்குள் இருக்கும் பொட்டாசியம் எதிர்ப்புச் சக்தியை முடக்குகிறதாம், அதனால் வாழைப்பழமும் இளநீரும் தொடக்கூடாதாம். அன்றிலிருந்து அக்காவுக்கு ஏத்தன்பழம் (நேந்திரம்) கொடுப்பதில்லை. தோட்டத்தில் குலை பழுத்து நிற்கிறது. உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் என் மகளோ, “அது முழுப் பொய் இல்லை அப்பா, அயனிச் சேனல் ஜீன்களைப் பற்றி நிறைய ஆய்வு இருக்கிறது” என்கிறாள். அக்காவுக்கு அந்த ஜீன்களைப் பரிசோதிக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பழத்தைக் கொடுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும்படி சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. முக்கியமாகச் சிறுநீரகம் பழுதானவர்களுக்குத்தான் பழமும் இளநீரும் ஆபத்து. கீமோ எடுப்பவர்களுக்குப் பல நேரம் தொல்லை நேர்மாறானது. வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் இருக்கிற பொட்டாசியமும் போய்விடும்.

உங்கள் மகள் சொன்னதும் சரிதான். தகவலின் முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதியும் சேர்ந்து விலைபோகிறது.

அயனிச் சேனலை நான் மடை என்றே சொல்வேன், நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு வேறு சொல் வாயில் வராது. செல்லின் சவ்வில் புரதத்தால் ஆன மடைகள் இருக்கின்றன. ஒன்று சோடியத்தை விடும், ஒன்று கால்சியத்தை, ஒன்று பொட்டாசியத்தை மட்டும். செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் 140 மில்லிமோல் அளவுக்கு நிறைந்து கிடக்கிறது. (வாழை மூட்டில் நீங்கள் வைக்கும் பொட்டாஷிலும் இதே சரக்குதான்.) ஒற்றை மடை திறந்து மூடும்போது ஓடும் மின்னோட்டத்தை அளக்க வழி கண்டதற்கு நேஹருக்கும் சாக்மானுக்கும் 1991-ல் நோபல் கொடுத்தார்கள். புற்றைத் தாக்கும் எதிர்ப்புச் செல்லான டி செல்லிலும் கேவி 1.3 என்றொரு மடை உண்டு. அது பொட்டாசியத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தால்தான் கால்சியம் தடையில்லாமல் உள்ளே வரும். கால்சியம் வந்தால்தான் டி செல் சண்டைக்கு எழும்பும்.

சரி, கட்டிக்குள் என்ன நடக்கிறது? வேகமாக வளரும் கட்டியின் நடுவே ரத்தம் போதுமான அளவு எட்டுவதில்லை. அங்கே செல்கள் செத்து உடைகின்றன, உள்ளே இருந்த பொட்டாசியம் எல்லாம் வெளியே கொட்டுகிறது. வடிய வழியில்லை, கடலில் சேரும் பொழி அடைபட்ட காயல் மாதிரி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்கில், கட்டிக்குள் ஊறும் நீரில் பொட்டாசியம் 40 மில்லிமோலை ஒட்டி இருந்தது. அதில் போய் மாட்டிய டி செல் மரத்துப்போகிறது. கேவி 1.3 மடையைக் கூடுதலாக வைத்து அனுப்பிய டி செல்களோ எலிகளில் கட்டியை நன்றாகத் தாக்கின. அந்தப் பொட்டாசியம் முழுக்கச் செத்த செல் கொட்டியது. உங்கள் தோட்டத்துக் குலைக்கு அதில் பங்கில்லை.

2019-ல் அதே குழு இன்னொன்றும் சொன்னது. பொட்டாசியம் அதிகமுள்ள நீரில் வளர்த்த டி செல்கள் சீக்கிரம் முதிர்ந்து ஓய்ந்துபோகவில்லை, எலிக்குள் செலுத்தியபோது சாதாரண நீரில் வளர்த்தவற்றைவிட நன்றாகவே சண்டை போட்டன. முடக்கியதும் அதுதான், இளமையைக் காத்ததும் அதுதான். 'தினம் நாலு பழம் சாப்பிடுங்கள்' என்று அடுத்த வாட்ஸப் தகவல் இன்னும் வராததுதான் எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் அந்த ஜீன் ஆய்வுகள். டிசிஜிஏ என்ற அமெரிக்கத் திட்டம் 33 வகைப் புற்றுகளின் ஜீன் விவரங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதிலிருந்து மடைகளைச் செய்யும் ஜீன்கள் சிலவற்றைப் பொறுக்கி, கூட்டி ஒரு மதிப்பெண் போட்டு, மதிப்பெண் ஏறினால் எதிர்ப்புச் செல்கள் குறைவு, ஆயுளும் குறைவு என்று எழுதும் கட்டுரைகள் பெருகிவிட்டன. எனக்கு இவற்றில் பாதி நம்பிக்கைதான். அங்கே கட்டித் துண்டை அரைத்துத்தான் ஜீனை அளந்திருக்கிறார்கள். புற்றுச் செல், டி செல், ரத்தக்குழாய் எல்லாம் ஒரே அரைப்பில். கேவி 1.3-இன் ஜீன் அதில் கூடுதலாகத் தெரிந்தால், அங்கே டி செல் கூடுதலாக இருந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளே இல்லாமல் போகலாம். சுசீந்திரம் தேரன்று வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணினால் கூட்டம் எவ்வளவு என்று தெரியும். தேரை இழுத்தது செருப்பு என்று எழுதிவிடக் கூடாது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், படிக்கிற பிள்ளைக்கு உதவும்.

அக்காவுக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹார்மோன் ஏற்பி, ஹெர் 2 என்று இருக்கும். மார்பகப் புற்றுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்க டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது அவற்றைத்தான். கீமோவில் வாய் புண்ணாகியிருந்தால் ஏத்தன்பழத்தை ஆவியில் அவித்து, நடுவிலுள்ள கறுப்பு நாரை எடுத்துவிட்டு, மசித்து ஆறவைத்துக் கொடுங்கள்.