முடிவெடுக்கவும் பிரச்சினைகளைத் தீர்க்கவும் எப்படிப் பழகுவது?

வேறு கம்பெனியில் ஆஃபர் வந்தும் போகலாமா வேண்டாமா என்று தவிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கிற வேலையிலும் ஏதாவது சிக்கல் என்றால் உடனே மேனேஜரிடம் ஓடிவிடுகிறீர்கள், இதற்கெல்லாம் பயிற்சி உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு, ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு பயிற்சி. நான் ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் இருப்பவன். என் பதிலில் அந்த வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முடிவெடுப்பது. எடுக்க எடுக்கத்தான் பழகும் என்பார்கள். அது பாதிதான் சரி. வருடக்கணக்கில் முடிவெடுத்துக்கொண்டே இருந்தும் துளிகூடத் தேறாதவர்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள். முடிவெடுத்த அன்று என்ன நினைத்தோம் என்பதை நம் மனசு அப்படியே வைத்திருப்பதில்லை. நடந்து முடிந்ததற்கு ஏற்ப அதைத் திருத்திக்கொள்கிறது.

1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பைத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு கணிப்பு கேட்டார்கள். இந்தப் பயணத்தில் இது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு, அது நடக்க எத்தனை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று நீங்கள் எழுதிய எண் என்ன என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்கு, தாங்கள் உண்மையில் எழுதியதைவிட அதிக எண்ணைச் சொன்னவர்களே பெரும்பாலும். எல்லார் வீட்டிலும் கேட்கிற 'எனக்கு அப்பவே தெரியும்' இதுதான். அப்பவே தெரியும் என்று நம்புகிறவருக்குத் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது?

அதனால் பெரிய முடிவு எதையும் எடுக்கிற அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன முடிவு, வேறு என்ன வழிகள் இருந்தன, இதைத் தேர்ந்ததற்கு நிஜக் காரணம், ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அதில் எத்தனை சதவீதம் நம்பிக்கை. இவ்வளவு போதும். நிஜக் காரணம் முக்கியம். 'வளர்ச்சிக்கு வாய்ப்பு' என்றெல்லாம் எழுதாதீர்கள். டீம் லீடர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள், வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

உங்களுடையதைப் போன்ற ஒரு ஆஃபர் 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற இங்கிலாந்து அறிஞருக்கும் வந்தது. ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலைக்குப் போகலாமா என்று பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். போ என்றும் சொல்லாமல் போகாதே என்றும் சொல்லாமல், பிராங்க்ளின் ஒரு முறையை மட்டும் எழுதி அனுப்பினார். தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். சம எடை உள்ளவற்றை இரு பக்கமும் அடித்துவிட்டு மிச்சத்தைப் பார். இந்தப் பட்டியலை எல்லாரும் சொல்வார்கள், அதில் இருக்கும் ஒரு விஷயத்தை விட்டுவிடுவார்கள். மூன்று நான்கு நாள் எடுத்துக்கொண்டு, தோன்றத் தோன்ற எழுதச் சொன்னார் அவர். எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் மனதில் நிற்காது என்பது அவருடைய வாதம். மேனேஜர் திட்டிய அன்று ஒரு பட்டியல் வரும், சம்பளம் ஏறிய அன்று வேறு பட்டியல் வரும். ஒரே உட்காரலில் எழுதி முடித்தால் அன்றைய மூட்தான் தாளில் இருக்கும்.

பிரீஸ்ட்லி அந்த வேலைக்குப் போனார். அங்கே இருந்தபோதுதான் 1774இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். அதனால் நல்ல முடிவு என்று சொல்லத் தோன்றும். ஆனால் முடிவெடுத்த நாளில் ஆக்சிஜன் அந்தத் தாளில் எந்தப் பக்கமும் இருந்திருக்க முடியாது. ஆறு மாதம் கழித்து உங்கள் நோட்டைத் திறக்கும்போதும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்: அன்று தெரிந்ததை வைத்து யோசித்தது சரியா என்பது ஒன்று, நல்லபடியாக முடிந்ததா என்பது இன்னொன்று.

அப்புறம் பிரச்சினை தீர்ப்பது. எங்கள் தொழிலில் 'வொய்-வொய்' என்று ஒன்று உண்டு, மூல காரணம் கிடைக்கும்வரை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவது. டொயோட்டாவின் தைச்சி ஓனோ பரப்பியது. மெஷின் நின்றது, ஏன்? ஃபியூஸ் போனது. ஏன்? லோடு அதிகம், பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருக்கிறது. ஃபியூஸை மாற்றியதோடு நிறுத்தியிருந்தால் மெஷின் மறுபடி நின்றிருக்கும். இது அவரே சொன்ன உதாரணம்.

இந்த ஏன்களை எழுத ஒரு ஃபார்ம் உண்டு. நடைமுறையில் அது எப்படி நிரப்பப்படுகிறது தெரியுமா? முதல் ஏனிலேயே 'ஆபரேட்டர் கவனக்குறைவு', நடவடிக்கை 'பயிற்சி அளிக்கப்பட்டது'. என்னைக் கேட்டால், ஏன் என்ற கேள்வி ஒரு ஆளிடம் போய் நின்றால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அதைவிட எனக்குக் கைகொடுப்பது வேறு கேள்வி: இந்தக் கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை? சிஎன்சி லேத்தில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷினில், பீஸின் சைஸ் மாறுகிறது என்பார்கள். நேரத்தோடு குறித்துப் பார்த்தால் ஷிஃப்ட் ஆரம்பத்திலும் இடைவேளை முடிந்ததும் வரும் பீஸ்களில் மட்டும் மாறும். மெஷின் சூடேற ஏற ஸ்பிண்டில் என்ற அதன் சுழலும் தண்டு மைக்ரான் கணக்கில் நீள்கிறது, ஆறினால் சுருங்குகிறது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆரம்பித்தால் சரியாகிவிடும். ஆபரேட்டருக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் இது தீராது.

நீங்கள் மேனேஜரிடம் போவது தப்பே இல்லை. போகும் முன், எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற கேள்விக்கான பதிலை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். பாதித் தடவை போக வேண்டிய தேவையே இருக்காது.

ஆஃபர் விஷயத்தில் கடைசியாக ஒன்று. போகலாம் என்ற நினைப்பில் இருக்கிறேன் என்று ஆரம்பித்து யாரிடமும் யோசனை கேட்காதீர்கள், உங்கள் மனசுக்கு ஏற்றதைத்தான் சொல்வார்கள். அந்தக் கம்பெனியில் இப்போது இருப்பவரைவிட, சமீபத்தில் விலகியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஏன் விலகினீர்கள் என்று கேளுங்கள். 'சொந்தக் காரணம்' என்று மழுப்பினால், அங்கே இருந்தபோது எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் உண்மையான பதில் வரும்.