லிட்டர் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா? எரிபொருள் கேள்விகளுக்குப் பதில்

கே: இ20 (20 சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த) பெட்ரோல் வந்ததிலிருந்து பைக் மைலேஜ் குறைந்தது போல இருக்கிறது. என் பிரமையா? (தேனி வாசகர்)

ப: பிரமை இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு, எத்தனாலில் 21தான். 20 சதவீதம் எத்தனால் கலந்தால், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7 சதவீத ஆற்றல் போய்விடும். முன்பு நீங்கள் போட்டதும் 10 சதவீதக் கலவை என்பதால், இப்போது தெரியும் குறைவு அதில் பாதிதான். 50 கி.மீ. கொடுத்த வண்டி 48 கொடுத்தால் எரிபொருளைச் சொல்லலாம். 40க்கு இறங்கிவிட்டால் ஏர் ஃபில்டரையும் டயர் காற்றையும் பாருங்கள். எத்தனாலுக்கு ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டல் இல்லாமல் எரியும் திறன், அதிகம். அதற்கேற்ப வடிவமைத்த புது எஞ்சின் இழப்பில் கொஞ்சத்தை மீட்கும். பழைய வண்டிக்காரருக்கு அது கிடைக்காது. அவருக்கு விலையிலாவது குறைத்துத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கே: அப்பாவின் பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர் மாதக்கணக்கில் நிற்கிறது. இ20 கெடுதலா?

ப: ஓட்டாமல் நிறுத்துவதுதான் கெடுதல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டரில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பாருங்கள். கீழே தனி அடுக்கு தெரிந்தால் டேங்க்கையும் காலி செய்யுங்கள். பழைய ரப்பர் டியூப், வாஷர்களை இ20க்கு ஏற்றதாக மாற்றிவிடுங்கள்.

கே: எத்தனால் பயிரிலிருந்து வருவதால் சுத்தமானதுதானே?

ப: எந்தப் பயிர் என்பதைப் பொறுத்தது. கரும்புக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போகத் தொடங்கியதும், அதை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-இல் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. தீவன விலை ஏறினால் என்ன ஆகும் என்பது நாமக்கல் கோழிப் பண்ணையாளர்களுக்கு நன்றாகத் தெரியும். வைக்கோல், சக்கை போன்ற கழிவிலிருந்து எடுக்கும் எத்தனாலுக்குத்தான் என் ஆதரவு.

கே: சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) மாற்று எரிபொருளா?

ப: பெட்ரோலுக்கு மாற்று; ஆனால் அதுவும் பூமிக்கடியிலிருந்து எடுப்பதுதான். புகை குறைவு. கசிந்தால் மட்டும் மோசம்: அதில் பெரும்பகுதி மீத்தேன்; நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ சிஎன்ஜி ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். விலையை அப்படித்தான் ஒப்பிட வேண்டும். சாணத்திலிருந்தும் கோழி எச்சத்திலிருந்தும் எடுத்துச் சுத்திகரித்த வாயுவும் இதே மீத்தேன்தான், அதே சிலிண்டரில் ஓடும். எதை நிரப்பினாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் இருக்கிறது.