உலர்திராட்சை வேண்டாம், உலர்புல் போதும்

கேள்வி: என் மகள் படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். அவள் வளர்த்த சின்சில்லா (அடர்ந்த ரோமமுள்ள சிறு கொறிவிலங்கு) இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு நான்கு வயது. பகல் முழுவதும் தூங்குகிறது, இரவானால் கூண்டை உலுக்குகிறது. புல்லை வைத்தால் வைத்தபடியே கிடக்கிறது. பாவமாக இருக்கிறதே என்று உலர்திராட்சை, முந்திரிப் பருப்பு, ஆப்பிள் துண்டு கொடுத்து வந்தேன், அவற்றை ஆசையாகத் தின்றது. சில நாட்களாகப் பெல்லட் என்கிற அழுத்திய சிறு உருண்டைத் தீவனத்தை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடுகிறது. புழுக்கையும் சிறுத்துவிட்டது. தாடையின் கீழ் ரோமம் ஈரமாக இருக்கிறது, தண்ணீர் குடித்ததால் இருக்குமோ? வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாமா? கோடை வரப்போகிறது, ஏதாவது கவனிக்க வேண்டுமா? தனியாக இருக்கிறதே, துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?
– ஒரு வாசகி, டொரண்டோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டவற்றைப் பிறகு பார்க்கலாம். நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. தீவனத்தை வாயில் எடுத்துக் கீழே போடுகிறது, புழுக்கை சிறுத்துவிட்டது, தாடை ஈரமாக இருக்கிறது. அந்த ஈரம் தண்ணீரால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கூண்டில் தொங்கும் குழாய்ப் புட்டியில் நக்கிக் குடிக்கும் சின்சில்லாவுக்குத் தாடை அப்படி நனைவதில்லை. அது உமிழ்நீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பல்லில் நோவு இருக்கலாம் என்றுதான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. எனவே இதைப் படித்தவுடன் முயல், கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் கொண்டு போங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் போவதானால், தொலைபேசியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் இரவு முழுவதும் எதையும் தின்னவில்லை என்றால் சந்திப்பு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். சின்சில்லாவின் குடல் வெறுமையாக நின்றால் அசைவும் நின்றுவிடும். பிறகு மீட்பது கடினம்.

முன்பற்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று சமாதானம் அடைந்துவிடாதீர்கள். சின்சில்லாவுக்கு 20 பற்கள். இருபதும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நம் கண்ணில் படுபவை மஞ்சள்கலந்த செம்மை நிறத்தில் இருக்கும் நான்கு வெட்டுப்பற்கள்தான். கெடுதல் பெரும்பாலும் கடைவாயில் தொடங்குகிறது. தேயாத கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வேர்ப்பகுதி தாடை எலும்புக்குள் நீண்டு கண்ணருகே கூட அழுத்தும். அதன் வாய் மிகக் குறுகலாகத்தான் திறக்கும் என்பதால், மயக்க மருந்து கொடுத்து வாயைப் பார்க்க வேண்டும், தலையை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லலாம். வீண் செலவு என்று நினைக்காதீர்கள். வேறு வழியில் உள்ளே பார்க்க முடியாது. புல்மாவைக் குழைத்து ஊசிக்குழலில் ஊட்டச் சொன்னால் தயங்காமல் ஊட்டுங்கள். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் இந்தப் பிராணியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே வீட்டில் மிஞ்சிய மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

இனி உணவு. நீங்கள் அன்பில்லாமல் எதையும் செய்யவில்லை. இந்தப் பல்நோய்க்குப் பரம்பரையும் ஒரு காரணம் என்பதால் முழுப் பழியையும் உங்கள் மேல் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் இன்றிலிருந்து உலர்திராட்சையையும் முந்திரியையும் ஆப்பிளையும் அடியோடு நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய பொருள்கள் அல்ல அவை.

சின்சில்லாவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. சிலியின் வறண்ட சரிவுகளில், பாறை இடுக்குகளில் பகலைக் கழித்துவிட்டு, இருட்டிய பிறகு வெளியே வந்து காய்ந்த புல்லையும் புதர் இலைகளையும் மென்று வாழ்கிற உயிர் அது. ரோமத்துக்காக மனிதர்கள் வேட்டையாடித் தீர்த்ததில் காட்டுச் சின்சில்லா இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. சிலியில் சுரங்கப் பொறியாளராக இருந்த மத்தையாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர், ஆட்களை வைத்துப் பிடித்த ஒரு சிறு கூட்டத்தை 1923இல் கலிபோர்னியாவுக்குக் கப்பலில் கொண்டு சென்றார். வட அமெரிக்காவின் வளர்ப்புச் சின்சில்லாக்களில் மிகப் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை. உங்கள் வீட்டில் இருப்பதும் அநேகமாக அந்த வம்சம்தான். கூண்டில் எத்தனை தலைமுறை பிறந்திருந்தாலும் குடலும் பல்லும் அந்த மலைக்கானவையாகவே இருக்கின்றன. சர்க்கரையும் கொழுப்பும் அங்கே கிடையாது. இனிப்பு உள்ளே போனால் குடலில் புளித்து வாயு சேரும். அதை வாந்தியாக வெளியேற்ற இந்தப் பிராணியால் முடியாது.

புல்லை மெல்லும்போது தாடை அரைக்கிறது, அம்மியில் குழவி போவதைப் போல. அந்த அரைப்பில்தான் கடைவாய்ப் பல் தேய்கிறது. திராட்சைக்கு நாலு மெல்லுதான், பல்லுக்கு வேலையே இல்லை. பெல்லட்டும் நொறுங்கிவிடும். ஆகவே சாப்பாடு என்றால் திமோத்தி போன்ற உலர்புல், அதுவும் இரவும் பகலும் குறையாமல். கனடாவில் திமோத்தி தாராளமாக விளைகிறது. பச்சை நிறமும் வாசனையும் மாறாததாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சளித்துத் தூசி பறக்கும் புல்லை அது ஒதுக்குவதில் தவறில்லை. தினமும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தது ஆகவே ஆகாது. பெல்லட் ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி. விதையும் வண்ணத் துணுக்குகளும் கலந்த தீவனத்தை வாங்க வேண்டாம், அதில் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிடும். பெல்லட்டின் வகையை மாற்றுவதானால் பழையதோடு கலந்து இரண்டு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிரில் கால்சியமும் புரதமும் அதிகம். வளரும் குட்டிக்கும் கருவுற்ற தாய்க்கும் ஆகும், உங்களுடையதற்கு வேண்டாம்.

கையால் எதையாவது கொடுக்காமல் மனம் ஆறாது என்றால், உடம்பு தேறிய பிறகு எப்போதாவது ஒரு சிட்டிகை ஓட்ஸ் கொடுங்கள். அதைவிட நல்லது, பூச்சிமருந்து படாத ஆப்பிள் மரக் குச்சி. பழம் ஆகாது, குச்சி ஆகும். செர்ரி, பிளம் மரக் குச்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். தன் மென்மையான கழிவை அது மலவாயிலிருந்து எடுத்துத் தின்பதைப் பார்த்தால் தடுக்காதீர்கள். முயலைப் போல அதற்கும் அது உணவே.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். அடர்ந்த ரோமத்துக்கு அடியில் உடல் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, தராசு சொல்லிவிடும்.

குளியலுக்கு வருவோம். வெந்நீர், தண்ணீர், ஷாம்பு எதுவுமே கூடாது. நமக்கு ஒரு மயிர்க்காலில் ஒரு முடி முளைக்கிற இடத்தில் சின்சில்லாவுக்கு ஐம்பது, அறுபது முளைக்கின்றன. நனைந்தால் அடிவரை உலராது, குளிர் பிடிக்கும், பூஞ்சை படரும். சின்சில்லாவுக்கென்றே விற்கும் நுண்ணிய தூளை ஒரு கிண்ணத்தில் போட்டு, வாரம் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே வையுங்கள். உருண்டு புரண்டு தானே சுத்தம் செய்துகொள்ளும். அதைப் பார்ப்பதே ஓர் இன்பம். பிறகு கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். எப்போதும் கூண்டிலேயே இருந்தால் கண் எரியும், தோல் வறளும். கடற்கரை மணலும் குழந்தைப் பவுடரும் இதற்கு மாற்று ஆகாது.

கோடையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். டொரண்டோ என்றால் குளிர்தானே என்று ஜூலை மாதத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். சின்சில்லாவுக்கு வியர்க்காது. 25 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது. புழுக்கம் சேர்ந்தால் அதற்கும் முன்பே. 15 முதல் 21 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மின்விசிறி நமக்குக் குளிர்ச்சி தருவது வியர்வை உலர்வதால். வியர்க்காத உடலுக்கு அது போதாது, ஏசி வேண்டும். கூண்டை வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். படுத்துக்கொள்ள ஒரு பளிங்குக் கல் போட்டுவையுங்கள். காது சிவந்து, துவண்டு படுத்து, வேகமாக மூச்சு வாங்கினால் உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி மருத்துவரை அழையுங்கள்.

பகல் தூக்கமும் இரவு ஆட்டமும் அதன் இயல்பு. கூண்டைப் படுக்கையறையிலிருந்து மாற்றினால் உங்களுக்கும் தூக்கம் வரும். மாலையில் மின்கம்பிகளை மறைத்த ஓர் அறையில் சிறிது நேரம் ஓடவிடுங்கள். திரும்பப் பிடிக்கும்போது ரோமத்தைப் பற்றி இழுக்காதீர்கள், பயந்தால் கொத்தாக உதிர்த்துவிட்டு ஓடிவிடும்.

துணைக்கு இன்னொன்று இப்போது வேண்டாம். நோயுற்றிருக்கும்போது புதிய பிராணியின் வாசனையே அதற்குத் தொல்லை. தேறிய பிறகும், நேராக ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறக்கூடும். பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் வாரக்கணக்கில் பழக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டால் 111 நாளில் குட்டி போடும், அவற்றுக்கு வீடு தேடும் வேலையும் உங்கள் தலையில் விழும். அதோடு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்தப் பிராணி 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதற்குள் மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போயிருப்பார். விடுமுறைக்கு வரும்போது இதை யார் வளர்ப்பது, மருத்துவச் செலவு யாருடையது என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டாவது சின்சில்லாவைப் பற்றிய முடிவை அந்தப் பேச்சுக்குப் பிறகு எடுக்கலாம்.